கார் தோல் சீட் வெடித்து, பூசணமும் பிடித்திருக்கிறது. மீட்க முடியுமா, இல்லை ரெக்சின்தானா?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை):

வணக்கம். பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்த 2013 மாடல் செடான் போன சித்திரையில் என் கைக்கு வந்தது. இன்ஜின், ஏசி எல்லாம் நன்றாக இருக்கிறது, சீட்தான் பிரச்சினை. சந்தன நிறத் தோல் சீட். டிரைவர் சீட்டில் கதவுப் பக்கம் மேடாக இருக்குமே, ஏறி இறங்கும்போது உரசும் இடம், அது கோடையில் வற்றிய குளத்துத் தரை மாதிரி வெடித்துக் கிடக்கிறது. ஒரு இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாயமே போய், நீலம் பாரித்த சாம்பல் நிறத்தில் அடித்தோல் தெரிகிறது. பெரியப்பா தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்ட மாட்டார், அதனால் தலை சாயும் இடம் கறுப்பாக இருக்கிறது.

பின் சீட் கதை வேறு. ஆடியில் சாரல் நன்றாக இருக்கிறது என்று குடும்பத்தோடு குற்றாலம் போனோம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடுதான் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். வரும் வழியில் அல்வாப் பொட்டலம் பிரிந்து நெய்யும் வழிந்தது. வீட்டுக்கு வந்ததும் காருக்குக் கவர் போட்டு மூடிவிட்டு இரண்டு வாரம் தொடவில்லை. திறந்தால் தையல் ஓரம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம்.

வாட்டர் சர்வீஸ் கடையில் ஏதோ பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பளபள என்று இருந்தது, உட்கார்ந்தால் வழுக்குகிறது, இப்போது தூசி அப்பிக்கொள்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவு என்கிறார். குஷன் கடையில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு ரெக்சின் போட 22,000 ரூபாய் கேட்கிறார்கள். எனக்கு அந்தத் தோலை உரித்துப் போட மனம் வரவில்லை. முடிந்தவரை அதையே மீட்க வேண்டும். செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காற்று:

தம்பி, முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். கம்பெனி "லெதர் சீட்" என்று சொல்வதில் பாதி ரெக்சின்தான். அசல் தோல் என்றாலும் உட்காரும் முகப்பு மட்டும் தோலாக இருக்கும், பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சினாக இருக்கும். சீட்டுக்கு அடியில் கைவிட்டு மடித்த ஓரத்தைப் பாருங்கள். பின்புறம் துணி நெய்த மாதிரி இருந்தால் ரெக்சின், நார் நாராக வெல்வெட் மாதிரி இருந்தால் தோல். வெடிப்பிலும் தெரியும், ரெக்சின் செதில் செதிலாக உரியும், தோல் மெல்லிய கோடு கோடாக வெடிக்கும். உரிய ஆரம்பித்த ரெக்சினை எதுவும் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கல்லிடை70:

அம்மா சொல்வதில் தப்பு இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது, தண்ணீர் மொள்ளும் சாலில் இருக்கும் தோலுக்கு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் போடுவார்கள். வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் அந்தத் தோல் வெடித்து நான் பார்த்ததில்லை. செருப்புக்கும் அதே பக்குவம்தான். தோல் என்றால் எண்ணெய் கேட்கும். காய விட்டதால்தான் வெடித்திருக்கிறது.

தோல்கிடங்கு (கடையநல்லூர்):

அண்ணாச்சி சொல்வது கமலைத் தோலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கார் சீட்டுக்குப் பொருந்தாது, ஏன் என்று சொல்கிறேன். நான் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலையில் 16 வருஷம் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன்.

கமலைக்கும் செருப்புக்கும் போனது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல். மேலே எந்தப் பூச்சும் கிடையாது, வாய் திறந்த தோல், எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் நார்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக் கொடுக்கும். கார் சீட்டுத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. தம்பி சொன்ன நீலம் பாரித்த சாம்பல் நிறம் இருக்கிறதே, அது குரோம் தோலின் நிறம்தான், அப்படியானால் உங்கள் சீட் அசல் தோல். வேண்டிய எண்ணெயை ஆலையிலேயே பீப்பாயில் போட்டு உருட்டி உள்ளே இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடிக் கனம்தான் வரும். நீங்கள் தினமும் தொடுவதும் துடைப்பதும் அந்தப் பூச்சைத்தான், தோலை அல்ல.

அதனால் மேலே தேங்காய் எண்ணெய் தடவினால் அது நல்ல இடத்தில் உள்ளே போகாது. வெடிப்பிலும் தையல் ஓட்டையிலும் மட்டும் இறங்கும். இறங்கிய இடம் கறுக்கும், பூச்சு பிடிப்பு விட்டுத் தூக்கும், பிறகு ரிப்பேர் சாயம் போட்டாலும் ஒட்டாது. வெயிலில் சிக்கு வாடை வேறு வரும், பூசணத்துக்கும் அது தீனி. பெரியப்பா தலை சாய்த்த இடத்தில் நடந்தது அதேதான், பல வருஷமாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் போட்டிருக்கிறார்.

சோப்பும் வேண்டாம். தோல் இயல்பிலேயே புளிப்புப் பக்கம் இருப்பது, பி.எச். 4 ஒட்டி. துணி சோப்பும் குளியல் சோப்பும் 9, 10 என்று காரம். ஒருமுறை துடைத்தால் ஒன்றும் ஆகாது, மாதாமாதம் தேய்த்தால் பூச்சு வறண்டு விடும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இவை பூச்சையே கரைத்துவிடும், பக்கத்திலும் கொண்டு போகாதீர்கள். வெள்ளையாக மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிறார்களே, அது உண்மையில் மிக நைசான உப்புத்தாள் மாதிரி, அழுக்கோடு பூச்சையும் எடுக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். வெடிக்காத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள், வெடித்த இடத்தில் ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் கழித்து என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

பொருநைக்கரை:

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. நல்ல இடத்தில் முத்து மாதிரி அப்படியே நின்றது, வெடித்த இடத்தில் உடனே இழுத்துக்கொண்டு கறுத்துவிட்டது. அடியில் கைவிட்டுப் பார்த்தேன், நடுப்பகுதியும் மேடும் தோல், பக்கவாட்டு ரெக்சின். வள்ளியூர் அண்ணன் சொன்னது சரி.

குஷன்கடை_பேட்டை:

அப்படியென்றால் மீட்கலாம். நான் 11 வருஷமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். உரித்துவிட்டு ரெக்சின் போடுவது எங்களுக்கு எளிது, ஒரு நாள் வேலை. அதனால்தான் எல்லாக் கடையிலும் அதையே சொல்வார்கள். தையல் நூல் இற்றுப்போயிருந்தாலோ தோல் கிழிந்து ஃபோம் தெரிந்தாலோ நானும் அதைத்தான் சொல்வேன், அப்போதுகூட அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

முதல் வேலை அந்தப் பாலிஷை எடுப்பது. அதில் சிலிக்கான் இருக்கும், அது இருக்கும்வரை சாயம் போட்டால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். லெதர் கிளீனரை நுரையாக்கி, குதிரை முடி பிரஷ்ஷில் தொட்டு, ஒரு முழம் சதுரம் மட்டும் தேய்த்து, நுரை காயும் முன் ஈர மைக்ரோஃபைபர் துணியில் துடைத்து எடுங்கள். கிளீனரை நேராகச் சீட்டில் அடிக்காதீர்கள், தையல் வழியாக ஃபோமுக்குள் இறங்கும். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பாதிப் பேருடைய சீட் இந்த ஒரு வேலையிலேயே புதிது மாதிரி ஆகிவிடும், நிறம் மங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்தது வெறும் அழுக்காகத்தான் இருக்கும்.

வெடித்த மேட்டுக்கு வருவோம். சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாகத் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடையுங்கள், பிறகு 800 நம்பர் உப்புத்தாளால் வெடிப்பின் தூக்கிய விளிம்புகள் படியும்வரை மெதுவாகத் தேயுங்கள். அடுத்து பைண்டர் என்று கிடைக்கும், தண்ணீர் மாதிரி இருக்கும், அது வெடிப்புக்குள் இறங்கி உதிரும் நார்களைக் கட்டிப்பிடிக்கும். அது காய்ந்ததும் லெதர் ஃபில்லர். மரத்துக்குப் போடும் பட்டி வேண்டாம், வளையாது, நொறுங்கும். லெதர் ஃபில்லரை விரலாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ வழித்து, தாள் கனத்துக்கு ஒரு பூச்சு, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. மூன்று நான்கு தடவை ஆகும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக நிரப்பினால் முதல் வாரமே விண்டு வரும்.

சாயம் கலப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். சீட் பத்து வருஷத்தில் மஞ்சளித்திருக்கும், கம்பெனி நிறம் வாங்கினால் தனியாகத் தெரியும். துடைத்த சீட்டில் ஒரு ஓரத்தில் தொட்டு, ஹேர் டிரையரில் காய வைத்துப் பாருங்கள், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டில் ஏமாந்துவிடுவீர்கள். ஸ்பாஞ்சால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஐந்தாறு மெல்லிய பூச்சு. கடைசியில் மேல்பூச்சு, பளபளப்பு இல்லாத மேட் வகைதான் வாங்க வேண்டும். தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனாலும் மூன்று நாள் யாரும் உட்காரக் கூடாது.

தலை சாயும் இடம் முழுக்கச் சரியாகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். டால்கம் பவுடரைக் கெட்டியாகத் தூவி ராத்திரி விட்டுக் காலையில் தட்டி எடுங்கள், நான்கைந்து நாள் செய்யுங்கள், பிறகு லெதருக்கென்று வரும் டீகிரீசர். அல்வா நெய்க்கும் இதே பக்குவம்தான். ஆனால் உள்ளே ஊறிய எண்ணெய் வெயில் ஏற ஏற மறுபடி மேலே வரும். ரொம்ப உறுத்தினால் ஹெட்ரெஸ்ட் உறையை மட்டும் நல்ல தோலில் தைத்துக்கொள்ளலாம்.

அம்பைவாசி:

பூசணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, முதலில் செய்ய வேண்டியது அதுதான் தம்பி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கார் வண்ணார்பேட்டையில் என் தம்பி வீட்டு வாசலில் நின்றது, சீட் மட்டத்துக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறி இறங்கியது. பத்து நாளில் உள்ளே காடு மாதிரி பூசணம்.

வீட்டுக்குள்ளே வைத்துத் துடைக்காதீர்கள், வெளியே நிறுத்தி நான்கு கதவையும் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குப் போனால் இளைப்பு வரும். காய்ந்த துணியால் தேய்த்தால் பறந்து மற்ற இடத்திலும் விதைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள், துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள், நிறம் துணிக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். தையல் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். முடித்ததும் வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் மின்விசிறி போதும். ஈரத்தோல் உச்சி வெயிலில் காய்ந்தால் விறைத்துச் சுருங்கும், எங்களுக்கு முன் சீட் ஒன்று அப்படித்தான் போனது.

அப்புறம் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் சீட்டை எத்தனை தடவை துடைத்தாலும் மறுபடி வரும். ஏசி ஃபில்டரையும் மாற்றுங்கள். இன்னொன்று, சீட்டைக் கழற்ற நினைத்தால் நீங்களே கழற்றாதீர்கள். சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும், பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்துத்தான் அதில் கை வைக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த ஏர்பேக் விரியத் தடையாகும் என்பதால், பக்கவாட்டை மூடித் தைத்த சீட் கவரும் போடாதீர்கள்.

கல்லிடை70:

தோல்கிடங்கு தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது, பழைய தோலும் இந்தத் தோலும் வேறு வேறு என்று. எண்ணெய் வேண்டாம், நான் சொன்னதை விட்டுவிடுங்கள். அப்படியானால் கண்டிஷனர் என்று விற்கிறார்களே, அது எதற்கு?

தோல்கிடங்கு:

பூச்சு நன்றாக இருக்கும் தோலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை அண்ணாச்சி. தண்ணீர் அடிப்படையிலான கண்டிஷனர் என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை மெல்லியதாகத் தடவி உடனே துடைத்துவிடலாம், கெடுதல் இல்லை. உண்மையில் நம்ம ஊருக்கு வேண்டியது நிழல். பங்குனி சித்திரையில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தினால் உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகும். பூச்சைக் கொல்வது அந்தச் சூடும், புற ஊதாக் கதிரும், வியர்வையும், தூசி மணலும்தான். முன் கண்ணாடிக்கு ஒரு தடுப்பு வையுங்கள், வாரம் ஒருமுறை வேக்குவம் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள், செம்மணல் தேரிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். அம்பை அக்கா சொன்ன மாதிரி விரிப்பைத் தூக்கினேன், பின்பக்கம் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். இரண்டு நாள் விசிறி போட்டுக் காய வைத்தேன், அதன் பிறகு பூசணம் வரவில்லை. பாலிஷை எடுக்க மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, பதினாலு துணி கறுத்தது. பின் சீட்டுக்குச் சாயமே தேவைப்படவில்லை, அழுக்குப் போனதும் அடியில் நல்ல சந்தன நிறம் இருந்தது. நெய்க் கறை மங்கலாக இருக்கிறது.

மேட்டுக்கு நான்கு பூச்சு ஃபில்லர். முதல் தடவை கலந்த சாயம் டியூப் லைட்டில் சரியாக இருந்தது, காலையில் பார்த்தால் சிவந்து தெரிந்தது, பேட்டை அண்ணன் சொல்லியும் நான் கேட்கவில்லை. மறுபடி கலந்து போட்டேன். கிட்டே குனிந்து பார்த்தால் கோடுகள் தெரியும், கையால் தடவினால் தெரியாது. எல்லாப் பொருளும் சேர்த்து 3,800 ரூபாய்.

ஹெட்ரெஸ்ட்டை ஆறு நாள் பவுடர் போட்டும் பார்த்தேன், பாதிதான் வெளுத்தது. மாற்றித் தைக்கலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டதற்கு, அவர் சாய்ந்த இடம், அப்படியே இருக்கட்டும் என்றார். விட்டுவிட்டேன். மேல்பூச்சு போட்டு இன்றோடு இரண்டு நாள், நாளை மறுநாள்தான் எடுத்து ஓட்ட வேண்டும். டிக்கியில் நான்கு பெரிய துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த சாரலுக்கு.