28 வாரக் கர்ப்பத்திலேயே பிறந்த குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் நரம்பு வேலை செய்யுமா?

இரவுப்பணி_நர்ஸ்:
வணக்கம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். குறைமாதக் குழந்தைக்கு முதல் 3 நாள் சலைன் மெதுவாக ஏற்ற வேண்டும், தலையை நேராக வைக்க வேண்டும், சளி உறிஞ்சும்போது அவசரப்படக் கூடாது என்று சீனியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், எல்லாம் மூளையில் ரத்தக் கசிவு வரக் கூடாது என்றுதான். ஆனால் பெரியவர்களுக்கு அழுத்தம் ஏறினால் மூளையின் குழாய்கள் தானாகச் சுருங்கிச் சமாளித்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்கு, அப்படிக் குழாயைச் சுருக்கும் நரம்பே இன்னும் வளரவில்லையா?

உடலியங்கியல்_ஆசிரியர்:
நல்ல கேள்விம்மா. நரம்பு இருக்கிறது. கழுத்தின் மேல்பக்கத்து நரம்பு முடிச்சிலிருந்து கிளம்பி மூளைத் தமனிகளைச் சுற்றிப் படர்ந்து, நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளை வெளிவிட்டு அவற்றைச் சுருக்குவது சிம்பதெடிக் நரம்பு. செம்மறி ஆடுகளில் பார்த்தபோது பெரிய ஆட்டின் தமனியைவிடக் கருவின் தமனி நார்எபிநெஃப்ரினுக்கு இன்னும் வலுவாகச் சுருங்கியது. அதனால் "நரம்பு வரவில்லை" என்பதைவிட "வேலை பாதி முடிந்த வீடு" என்று நினைத்துக்கொள்.

பெரியவர்களில் சராசரி ரத்த அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 150 மி.மீ. பாதரசம் வரை மாறினாலும் மூளைக்கு ஓடும் ரத்தம் பெரிதாக மாறாது. அதில் பெரும்பங்கு குழாய்ச் சுவரில் உள்ள தசையினுடையது, இழுபட்டால் அது தானே சுருங்கும். திடீர் ஏற்றத்துக்குத்தான் நரம்பு கூடுதல் காவல். குறைமாதக் குழந்தையில், அதிலும் உடம்பு முடியாத குழந்தையில், இந்தச் சமாளிப்பு பலவீனமாக இருப்பதால் அழுத்தம் ஏறியதும் மூளைக்குப் போகும் ரத்தமும் கூடவே ஏறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கசிவு பெரும்பாலும் தமனியில் வருவதில்லை. மூளை அறைகளின் ஓரத்தில் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்ற பகுதி இருக்கிறது, அங்கே உள்ள குழாய்களின் சுவர் மிக மெல்லியது, தசையும் இல்லை. பிடித்துச் சுருக்கத் தசை இல்லாத இடத்தில் நரம்பு என்ன செய்யும்? கர்ப்பத்தின் 34 வாரத்தை ஒட்டி அந்தப் பகுதி பெரும்பாலும் மறைந்துவிடும், அதனால்தான் 28 வாரத்துக்கு இவ்வளவு பயம்.

ஆட்டுத்தமனி:
ஆய்வகத்தில் இருக்கிறேன், சேர்த்துச் சொல்கிறேன். நரம்பின் செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் தசைக்குள் நடப்பது வேறாக இருக்கிறது. பெரிய ஆட்டின் தசை, சுருங்கத் தேவையான கால்சியத்தில் நல்ல பங்கைச் செல்லுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும். கருவின் தசை வெளியிலிருந்து உள்ளே வரும் கால்சியத்தை அதிகம் நம்பியிருக்கிறது. அப்புறம், தமனியில் சிம்பதெடிக் மட்டும் இல்லை, பக்கத்திலேயே நைட்ரிக் ஆக்சைடு விடும் நரம்பும் ஓடுகிறது. அந்த வாயு குழாயை விரிப்பதுதான் நாம் அறிந்தது, ஆனால் செம்மறி ஆட்டு மூளையின் நடுத் தமனியில் அது பக்கத்து நரம்பிலிருந்து நார்எபிநெஃப்ரின் வெளிவருவதைக் கூட்டுகிறது. முதன்முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

ஆட்டுக்குட்டிகளில் அந்தக் கழுத்து முடிச்சை அகற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரெம் தூக்கத்தில், அதாவது கண் ஆடும் தூக்கத்தில், மூளைக்கான ரத்த ஓட்டம் ஏறிவிட்டது. பிறந்த பிறகு அந்த நரம்பு சும்மா இருக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரவுப்பணி_நர்ஸ்:
ரொம்ப நன்றி சார், நன்றி ஆட்டுத்தமனி. சரி, தலையை நேராக வைப்பது எதற்கு? அது நரம்போடு சேர்ந்ததா?

உடலியங்கியல்_ஆசிரியர்:
இல்லைம்மா, அது வடிகால் விஷயம். தலையை ஒரு பக்கமாகத் திருப்பினால் கழுத்துச் சிரை அழுந்தி, மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடலாம், பின்னால் அழுத்தம் தேங்கும். ஒரு பக்கம் தமனியிலிருந்து தள்ளுகிறது, இன்னொரு பக்கம் சிரையில் அடைபடுகிறது, நடுவில் மாட்டிக்கொள்வது அந்த மெல்லிய குழாய்கள். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை என்றால் கார்பன் டை ஆக்சைடு அளவையும் கவனி, அது ஏறினால் தமனிகள் விரிந்து ரத்தம் இன்னும் வேகமாகப் பாயும்.