பீல் சிலையும் "உலகின் முதல் போலீஸ்" புருடாவும்

பழைய ஓலை:
ஊர்சுற்றி நேற்று எழுதிய பயணக் குறிப்பைப் படித்ததில் ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். மான்செஸ்டரில் டிராம் ஏறி 'பரி' (Bury) ஊருக்குப் போனாராம், சந்தையில் பிளாக் புட்டிங் தின்றாராம், சர்ச் பக்கத்தில் நிற்கிற பழைய பிரிட்டிஷ் பிரதமர் சர் ராபர்ட் பீல் சிலையோடு செல்ஃபி எடுத்தாராம். நல்லது, எடுக்கட்டும். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்: "உலகின் முதல் போலீஸ் படையை உருவாக்கிய மகான்". முதல்! பீல் உருவாக்கிய லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் வந்தது 1829-ல் ஐயா. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குப் போலீஸ் படை தந்த கிளாஸ்கோ போலீஸ் சட்டம் 1800. இருபத்தொன்பது வருஷம் முந்தியது. கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

ஊர்சுற்றி:
வந்துவிட்டார். போன மாசம் பிளாக்பர்ன் கிளாட்ஸ்டன் சிலைப் பதிவிலும் இதே வேலைதான் பார்த்தார். கொட்டுகிற மழையில், குடை பின்பக்கமாக மடங்கிப்போய், பீடத்தடியில் நின்று அண்ணாந்தால் பீலின் தாடையும் மூக்குத் துளையும்தான் தெரிந்தன, தோளில் ஒரு புறா நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் எழுதியிருந்தேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார். சரி, உங்கள் கிளாஸ்கோவில் 1800-ல் எத்தனை போலீஸ் அதிகாரிகள்? ஒன்பது பேர். கிரிக்கெட் டீமுக்கே ஆள் போதாது. பீல் 1829 செப்டம்பர் 29 அன்று சுமார் ஆயிரம் பேரை லண்டன் தெருவில் இறக்கினார்.

பழைய ஓலை:
தலைக்கணக்கு யார் கேட்டது? நீங்கள் "பெரிய" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "முதல்" என்று எழுதினீர்கள். 1800 முதலில் வருமா, 1829 முதலில் வருமா? அந்த ஒன்பது பேருக்கு மேல் ஒரு தலைவர் இருந்தார், இரவுக் காவலர்கள் தனி. அதைச் சொல்லாமல் ஒன்பதோடு நிறுத்தியது ஏன் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்குறி:
முதலில் 'போலீஸ்' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசி முடித்துவிடலாமே? இரவுக் காவலும் கணக்கா, யூனிஃபார்மும் மாசச் சம்பளமும் வேண்டுமா? பாரிஸில் 1667-லேயே போலீஸுக்கென்று தனி அதிகாரி இருந்தார். அதை எதில் சேர்ப்பது?

பழைய ஓலை:
அதெல்லாம் அப்புறம். கிளாஸ்கோ 1800.

லங்காஷயர் மருமகன்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இந்தப் பக்கம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஊர் பேர் 'பெரி'. 'பரி' என்றால் குதிரை. அந்த மனுஷன் பீல் 1850-ல் குதிரையிலிருந்து விழுந்துதான் செத்தார், அதற்காக ஊருக்கே அந்தப் பெயரை வைக்க வேண்டுமா?

ஊர்சுற்றி:
டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பாட்டி 'பரி' மாதிரிதான் சொன்னார். பாட்டிக்குத் தெரியாதது மருமகனுக்குத் தெரியுமோ?

ராத்திரி ஷிஃப்ட்:
ஒன்று சொல்லட்டுமா. அந்த ஊர்க்காரர்கள் காசு சேர்த்து 1852-ல் சிலை வைத்தது போலீஸுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பீல் அங்கே பிறந்தவர், பருத்தி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை. 1846-ல் தானியச் சட்டத்தை ரத்து செய்து, ரொட்டி விலையை ஏற்றிக்கொண்டிருந்த இறக்குமதி வரியைத் தூக்கினார். அதில் சொந்தக் கட்சியே பிளந்தது, பதவியும் போனது. பதவியை விட்டுப் போகிற நாளில், நெற்றி வியர்வை சிந்திப் பிழைக்கிறவர்கள் வரியில்லாத உணவை உண்ணும்போது என் பெயரைச் சில சமயம் நினைப்பார்கள் என்று பேசினார். ஆலைத் தொழிலாளி நிறைந்த ஊரில் அந்தப் பேச்சு எப்படி இறங்கியிருக்கும்? பக்கத்தில் ஹோல்கம் குன்றில் அவர் நினைவாக 128 அடிக் கோபுரமும் அதே வருஷம் எழும்பியது.

பழைய ஓலை:
அழகாக எழுதினீர்கள். ஆனால் இங்கே ரொட்டி பேச்சு இல்லை.

புதுவரவு:
இவர் அடிமை வியாபாரத்தை ஆதரித்தவர்தானே? 2020-ல் மான்செஸ்டரில் இருக்கிற இவர் சிலையை எடுக்கச் சொல்லி மனுகூடப் போட்டார்களே. இவருக்குப் போய் செல்ஃபியா?

ஊர்சுற்றி:
அது அப்பா! அப்பா பெயரும் சர் ராபர்ட் பீல். அடிமை வியாபாரத் தடையை எதிர்த்தவர் அவர். தடைச் சட்டம் வந்தது 1807, மகன் பார்லிமென்டுக்குள் நுழைந்ததே 1809-ல்தான்.

பழைய ஓலை:
பாருங்கள், இந்த இடத்தில் மட்டும் ஊர்சுற்றிக்கு வருஷம் பார்த்து எது முன், எது பின் என்று சொல்லத் தெரிகிறது. 1807-க்குப் பிறகு 1809. அதே மூளையை 1800-க்கும் 1829-க்கும் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்? இன்னொன்றும் கேளுங்கள். பீலே 1814-ல் அயர்லாந்தில் ஒரு போலீஸ் படை வைத்தார். போலீஸ்காரர்களுக்கு 'பீலர்' என்ற பட்டப்பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆகவே 1829 அவர் கணக்கிலேயே இரண்டாவது!

ஊர்சுற்றி:
அப்படியானால் அதுவும் பீல்தானே! என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி. "போலீஸே மக்கள், மக்களே போலீஸ்" என்று சொன்னவரை இப்படியா இழுப்பது?

பழைய ஓலை:
அதை பீல் எழுதியதற்கு ஆதாரமே கிடையாது. "பீலின் ஒன்பது கொள்கைகள்" என்று சுற்றுகிற பட்டியல் இருபதாம் நூற்றாண்டில் ஒரு போலீஸ் வரலாற்றாசிரியர் தொகுத்தது. 1829-ல் காவலர்களுக்கான விதிகளை வகுத்தவர்கள் கமிஷனர்கள் ரோவனும் மெய்னும். பீல் வாயில் இல்லாததைப் போடுவது, பீலுக்கு இல்லாத முதலிடத்தைக் கொடுப்பது, இரண்டும் ஒரே வியாதிதான். 1814-ஐ விட 1800 சின்ன எண் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

கேள்விக்குறி:
'போலீஸ்' என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்...

லங்காஷயர் மருமகன்:
பாட்டியை இழுத்தது சரியில்லை. என் மாமியார் பெரியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

ஊர்சுற்றி:
அடுத்த வாரம் டாம்வொர்த் போகிறேன். பீலின் தொகுதி, தன் அரசியல் கொள்கையைச் சொல்லி அவர் வெளியிட்ட 1834 அறிக்கை வந்த ஊர், அங்கேயும் சிலை உண்டு. அதன் கீழேயும் வந்து கிளாஸ்கோ என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.

பழைய ஓலை:
எழுதுவேன். 1800.

லங்காஷயர் மருமகன்:
பதிவில் ஊர் பேரை இன்னும் திருத்தவில்லை.