புதுப்பிப்பு: பழைய எம்ஜிபி-யில் எர்த் மாற்றும்போது விட்டுப்போனவை

எம்ஜிபி என்பது பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். 1967 வரை வந்த டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) எம்ஜிபி-க்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்திருக்கும். பாடியில் ஓட்டை போடாமல், திரும்பப் பழையபடி மாற்றக்கூடிய வேலை என்பதால், நெகட்டிவ் முனை பாடியோடு இணையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். கருத்து அதேதான். ஆனால் மூன்று விஷயங்களை விட்டுவிட்டேன்.

முதலாவது டைனமோ. பேட்டரிகளைத் திருப்பி இணைத்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டைனமோவின் ‘F’ (ஃபீல்ட்) முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை அந்த முனையில் இரண்டு மூன்று வினாடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் காந்தத்தின் திசை அப்போதுதான் மாறும். தவறினால் மின்சாரம் தலைகீழாக வரும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கான்டாக்ட் கருகிவிடும்.

இரண்டாவது, இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் பாகம்) இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், அதுதான் வம்பு. மேட்டில் மிஸ்ஃபயர் ஆகும், பழி கார்புரேட்டர் மேல் விழும்.

மூன்றாவது, 1964 இறுதிக்குப் பின் வந்த எலக்ட்ரானிக் டேக்கோமீட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்). அதைத் திறந்து உள் இணைப்பையும் மாற்றியாக வேண்டும். சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பின்னால் எப்போதாவது ரெகுலேட்டரையோ பாயின்ட்ஸையோ (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட்) மாற்றினால், கழற்றிய பழையவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்; வண்டியைத் திரும்பப் பழையபடி மாற்ற அவை வேண்டும்.