கரை மின் இணைப்பில் எர்த்தைக் கழற்றலாமா?

பாய்மரம்:
துறையிலிருந்து கேபிளில் வரும் கரை மின்சாரம் எப்போதும் செருகியே இருக்கும் படகில் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் கரையும் கட்டி) ஒரு பருவம் தாங்குவதே பெரிய விஷயம். எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகும் துறையின் எஃகுத் தூணும் நம் படகோடு ஒன்றாகிவிடுகின்றன. நடுவில் கடல்நீர். மொத்தமும் ஒரு பேட்டரிதான். அடுத்தவர் வெண்கலத்தைக் காப்பாற்ற நம் துத்தநாகம் கரைகிறது. படகில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும்போது எர்த் எதற்கு? கழற்றிவிட்டால் அரிப்பும் நிற்கும், செலவும் இல்லை.

மின்துறை:
காரணம் சரி, வைத்தியம்தான் ஆளைக் கொல்லும். வாட்டர் ஹீட்டரின் சூடாக்கும் சுருளில் மின்சாரம் கசிந்தால் அதன் உடம்பு, அதோடு எர்த் கம்பியால் இணைந்த எஞ்சின், ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாம் 230 வோல்ட்டை நெருங்கி நிற்கும். எர்த் இல்லையென்றால் மின்சாரம் திரும்பிப் போகத் தண்ணீர் மட்டும்தான் வழி. நன்னீர் சரியாகக் கடத்தாது. அதனால் கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டாமலே போகலாம், ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது. ஆனால் அந்த நீரில் இறங்கியவரின் உடம்பு நன்னீரைவிட நன்றாகக் கடத்தும். 10 மில்லிஆம்பியர் சுற்றிலேயே தசை இறுகும், கைகால் சொன்னபடி கேட்காது, நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார்.

பாய்மரம்:
அது நன்னீர்க் கதை. உப்புநீர் உடம்பைவிட நன்றாகக் கடத்துமே, மின்சாரம் ஆளைச் சுற்றிப் போய்விடும்.

மின்துறை:
நீரில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கையை ஹீட்டரிலும் இன்னொரு கையைத் துறையின் இரும்புக் கம்பத்திலும் வைப்பவருக்கு? அவரைக் காப்பாற்ற மிஞ்சுவது ஆர்சிசிபி ஒன்றுதான். உப்புக்காற்றில் அதன் உள்பாகம் இறுகிப்போகும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்காவிட்டால் அதை நம்பவே கூடாது.

தடுக்க வேண்டியது எர்த்தில் ஓடி அரிப்பை உண்டாக்கும் டிசியை (ஒரே திசை மின்சாரம்) மட்டும். அதற்குத்தான் கால்வானிக் ஐசோலேட்டர்: இரண்டிரண்டு டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) தொடராக, இரு திசைக்கும் ஒவ்வொரு ஜோடி. சுமார் 1.2 வோல்ட் வரை டிசியை விடாது. துத்தநாகத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே கடல்நீரில் இருப்பது 0.8 வோல்ட்டுக்குள்தான். கரை மின்சாரமான ஏசியில் (மாறுதிசை மின்சாரம்) பழுது வந்தால் டயோடு திறந்து மொத்தத்தையும் கரைக்கு அனுப்பிவிடும். கரை கேபிள் படகில் செருகும் இன்லெட்டுக்கு அடுத்தபடியாக, எர்த் கம்பி படகில் வேறெதையும் தொடுவதற்கு முன் மாட்ட வேண்டும். 32 ஆம்பியர் இணைப்புக்கு 16 ஆம்பியர் ஐசோலேட்டர் போட்டால் பழுது வரும் நாளில் அதுவே எரிந்து எர்த் அறுந்துவிடும்.

அலுமினியஓடு:
ஐசோலேட்டரோடு முடித்துவிடாதீர்கள். சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் எப்போதும் கொஞ்சம் ஏசியை எர்த்தில் கசியவிடும். அந்த ஏசி டயோடைப் பாதி திறந்தே வைத்திருக்கும், கூடவே டிசியும் நழுவிப் போகும். கப்பாசிட்டர் உள்ளதாக வாங்கினால் ஓரளவு தப்பலாம். என் கணக்கில் அலுமினிய ஓடு, அலுமினிய அவுட்டிரைவ் (படகின் பின்புறம் நீருக்குள் இறங்கும் இயக்கப் பகுதி) இருந்தால் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர்தான் (கம்பித் தொடர்பில்லாமல் காந்தப்புலம் வழியாக மின்சாரத்தைக் கடத்துவது). கரையின் எர்த் படகின் எர்த்தைத் தொடவே தொடாது. டிரான்ஸ்பார்மரின் படகுப் பக்கச் சுற்றில் புது நியூட்ரல் எடுத்துப் படகின் எர்த்தோடு கட்ட வேண்டும், ஆர்சிசிபி அதற்குப் பின்னால் வர வேண்டும். 16 ஆம்பியருக்கு 3.6 கேவிஏ திறன் வேண்டும். மின்சாரத்தை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாவிட்டால் செருகின நொடியே கரை பிரேக்கர் விழும்.

பாய்மரம்:
சிறிய படகில் அவ்வளவு எடையை எங்கே வைப்பது? தேவையில்லாத நேரம் கேபிளையே கழற்றிவிட்டு பேட்டரிக்குச் சோலார் போடுவது மேல்.

மின்துறை:
இது சரியான யோசனை, முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். செருகும் நேரத்துக்கு மட்டும் எர்த் முழுதாக இருக்கட்டும்.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாயை (ஒப்பிட்டு அளக்க உதவும் முனை) மல்டிமீட்டரின் ஒரு முனையில் கட்டிக் கடல்நீரில் தொங்கவிட்டு, மறுமுனையை எஞ்சின் உலோகத்தில் வையுங்கள். கேபிள் இல்லாமல் −950 மில்லிவோல்ட் காட்டியது, செருகியதும் −800க்கு ஏறினால் எர்த் வழியாகத்தான் ஆனோடு கரைகிறது. இரண்டு முறையும் ஒரே அளவென்றால் ஐசோலேட்டர் வாங்கிப் பயனில்லை. படகின் சொந்த 12 வோல்ட் வயரிங்கைப் பாருங்கள். பில்ஜ் பம்பின் (படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப்) பாசிட்டிவ் கம்பி நனைந்து கசிந்தால் ஷாஃப்டை நாள் கணக்கில் தின்றுவிடும், கால்வானிக் அரிப்பு அதன் பக்கத்தில் வராது.

அலுமினியஓடு:
கரை கேபிள் முழுவதையும் கிளாம்ப் மீட்டருக்குள் (கேபிளைச் சுற்றிக் கவ்வி மின்சாரத்தை அளப்பது) விட்டும் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து எதில் அளவு விழுகிறது என்று தேடுங்கள். ஒன்றிலும் விழாவிட்டால் படகுக்குள் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் கட்டியிருக்கலாம். பிளக்கின் முனைகளையும் மறக்க வேண்டாம்: துருவால் 0.1 ஓம் கூடினாலும் 16 ஆம்பியரில் அந்த ஒரு முனையில் 25 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு மணி நேரம் ஓடியபின் வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, முனை பழுப்பேறியிருந்தாலோ பிளக், இன்லெட் இரண்டையுமே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரித்துவிடும்.