பிறவி இதயக் குறை, மாற்று இதயம்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

ஒற்றையறை:
எனக்கு இதயத்தில் ஒரே கீழறை. சின்ன வயதிலேயே ஃபான்டான் வரை, அதாவது உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஆபரேஷன் வரை, முடிந்துவிட்டது. புரதம் குடல் வழியாக இறங்கி வயிறு வீங்க ஆரம்பித்ததும் மாற்று இதயத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. இதயம் வந்திருக்கிறது என்று ராத்திரியில் போன். ஓடினோம். நெஞ்சு முழுக்கப் பழுப்பு மருந்து தடவிவிட்டார்கள். அப்புறம் ஒரு டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஒரு நர்ஸ் வந்து ஈரப் பஞ்சால் அந்த மருந்தைத் துடைக்க ஆரம்பித்தார். அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கிராஸ்மேட்ச், அதாவது கொடையாளியின் செல்களை என் ரத்தம் தாக்குமா என்று பார்க்கும் சோதனை, ஒத்துவரவில்லையாம். குழந்தையில் ஏற்றிய ரத்தம், ஒட்டுப்போட வைத்த கொடையாளித் திசு எல்லாம் சேர்ந்து என் ரத்தத்தில் அந்நியத் திசுவைத் தாக்கும் ஆன்டிபாடியை நிரப்பி வைத்திருக்கின்றன. அன்று காப்பாற்றிய ஆபரேஷனே இன்று வாசலை மறிக்கிறது. "மீதி, குளிச்சா போயிடும்மா" என்றார் அந்த நர்ஸ். இன்னும் காதில் இருக்கிறது.

நீலநகம் அப்பா:
என் மகனுக்கு இதயம் வலப்பக்கம், ரத்தக்குழாய்களும் இடம் மாறியவை. சர்ஜன் சம்மதப் படிவத்தின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார். மற்றவர்களுக்கு வைப்பது போல இவனுக்கு அப்படியே வைத்துத் தைக்க முடியாது, அதனால் கொடையாளியிடமிருந்து எடுக்கும்போதே மேல் பெருஞ்சிரையையும் நுரையீரல் தமனியையும் நீளமாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறாராம். வெளியே எடுத்த இதயத்துக்கு இருப்பதே சுமார் 4 மணி நேரம். பழைய தழும்புகளைப் பிரித்து நெஞ்சைத் திறப்பதற்கே வெகுநேரம் பிடிக்கும் என்று இவனை முன்கூட்டியே உள்ளே கொண்டுபோனார்கள். அப்புறம் ஐசியூவில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே ஒரு கை, நகமெல்லாம் ரோஸ் நிறம். வேறு யாரோ பையன் என்று அடுத்த கட்டிலைத் தேடப் போய்விட்டேன்.

தழும்புராஜா:
ஒற்றையறை, வாசல் மறிக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்மா. ஆன்டிபாடியைக் குறைக்க பிளாஸ்மா மாற்று, இம்யூனோகுளோபுலின் என்று வழிகள் இருக்கின்றன. எல்லாருக்கும் பலிக்காது, சரி. கேட்டுப் பார்த்தாயா? நாம் இந்தச் சிகிச்சைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் இல்லை. 1967 டிசம்பர் 3-ல் கேப்டவுனில் டாக்டர் பர்னார்ட் மனிதருக்கு முதல் மாற்று இதயம் வைத்ததை எல்லாரும் சொல்வார்கள். மூன்றே நாளில் நியூயார்க்கில் டாக்டர் கான்ட்ரோவிட்ஸ் மாற்று இதயம் வைத்தது, எப்ஸ்டைன் என்ற இதய வால்வுக் குறையோடு பிறந்த பச்சைக் குழந்தைக்கு. குழந்தை சில மணி நேரம்தான் இருந்தது, அது வேறு.

என் கதை சின்னது. மாற்று முடிந்து முதல்முறை மாடி ஏறினேன். மேலே போய் நின்ற பிறகுதான் நெஞ்சு படபடத்தது. நரம்பு அறுபட்ட இதயம் தாமதமாகத்தான் வேகமெடுக்குமாம்.

இனி எல்லாரும் கவனியுங்கள். பழைய ஆபரேஷன் குறிப்பு ஒன்று விடாமல் வாங்கி வையுங்கள், புது சர்ஜனுக்கு அதுதான் வழித்துணை. மாற்று இதயத்தை உடம்பு நிராகரிக்கிறதா என்று பார்க்க, கழுத்துச் சிரை வழியாகப் போய்த் துளி இதயத் திசு எடுப்பார்கள், அதுதான் பயாப்சி; அந்தச் சிரை அடைபட்டிருந்தால் வேறு எந்த வழி என்று முன்பே கேளுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிற அன்று ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. கிரேப்ஃப்ரூட் பக்கமே போகாதீர்கள். பட்டியலில் ஏறுமுன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஃபான்டான்காரர்கள் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்காமல் மாற்றுப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஒற்றையறை:
கேட்டாச்சு அண்ணா, பிளாஸ்மா மாற்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் எழுதியது அந்த நர்ஸைப் பற்றி.

தங்கைக்காக:
எங்களிடம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: பிறவிக் குறைக்காரர்களுக்கு ஆரம்பத்தில்தான் ஆபத்து அதிகம், முதல் வருடத்தைத் தாண்டிவிட்டால் மற்ற மாற்று இதயக்காரர்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள். தங்கை அதையெல்லாம் காதில் வாங்கினாளோ என்னவோ, "என் பழைய இதயத்தை நான் பார்க்கணும்" என்றாள். உடம்பு தேறியதும் உண்மையிலேயே ஏற்பாடு செய்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு கையிலும் வாங்கினாள். சின்னதில் வைத்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்து, "தையல் எவ்வளவு நெருக்கமா போட்டிருக்காங்க பாரு" என்று என்னிடம் நீட்டினாள். அவளுக்கு அன்று ஒரே சந்தோஷம். எனக்குத்தான் அப்புறம் சோறு இறங்கவில்லை. இங்கே வேறு யாராவது கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா?