பிரசவச் சிக்கலும் மனச்சிதைவும்: தம்பியின் ஸ்கேன் அறிக்கை பற்றி

உசிலம்பட்டியான்:
அனைவருக்கும் வணக்கம். காதில் குரல்கள் கேட்பதாக எட்டு மாதமாகச் சொல்லிவரும் என் தம்பிக்கு (வயது 23) மனச்சிதைவு நோய் என்று மதுரையில் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். அவன் பிறந்தபோது அம்மாவுக்கு ஒன்றரை நாள் வலி நீடித்ததாம். கொடி கழுத்தில் சுற்றி, உடம்பு நீலம் பாரித்து, வெகுநேரம் அழாமலே கிடந்தானாம். இப்போது எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மூளையின் பக்க அறைகள் சற்றே விரிந்துள்ளன’ என்றிருக்கிறது. அதை நான் வாசித்துக் காட்டிய நாள்முதல், அன்றே வண்டி பிடித்து மதுரைக்குப் போயிருந்தால் பிள்ளை தப்பியிருப்பான் என்று அம்மா அழுகிறார். இது உண்மையா? என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி என்பதால் அந்தக் கவலையும் சேர்ந்திருக்கிறது.

மனநலச் செவிலி, மதுரை:
தொடர்பு உண்டு, ஆனால் உங்கள் அம்மா நினைக்கும் அளவுக்கு வலுவானதன்று. வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வரும் இந்த நோயின் வாய்ப்பு, பிரசவச் சிக்கல்களால் பொதுவாக இரண்டு மடங்கு அளவுக்கே கூடுகிறது. அப்படிப் பிறந்த 100 குழந்தைகளில் 98 பேருக்கு இந்நோய் வருவதில்லை. கொடி சுற்றுவதோ நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் காணப்படுவதுதான்.

மனச்சிதைவு உள்ளவர்களின் மூளை அறைகள் (மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் இடங்கள்) விரிந்திருப்பதை 1976இல் லண்டனில் ஜான்ஸ்டோன் குழுவினர் சிடி ஸ்கேனில் கண்டார்கள். 1990இல் அமெரிக்காவில் ஒருவருக்கு மட்டும் நோய் வந்த 15 ஜோடி ஒத்த இரட்டையரை ஆராய்ந்தபோது, பெரும்பாலான ஜோடிகளில் நோயுற்றவரின் அறைகள் பெரிதாகவும் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் சிறிதாகவும் இருந்தன. மரபணு ஒன்றாயிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் பிரசவத்தின் மீது சந்தேகம் விழுந்தது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடும் பகுதிகளில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. ஆனால் 2002இல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வு இதைச் சற்றே திருப்பிப் போட்டது. கருவிலோ பிறப்பிலோ ஆக்சிஜன் குறைந்தவர்களில், நோயாளிகளுக்கும் நோயில்லாத அவர்களுடைய உடன்பிறந்தாருக்கும் மூளையில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி குறைந்திருந்தது. அக்குடும்பங்களைச் சேராதவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. மரபில் ஏற்கெனவே ஒரு பலவீனம் இருந்தால்தான் பிரசவச் சிக்கல் உறைக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். பக்க அறைகள் சற்றே விரிந்திருப்பது நோயற்றவர்களிடமும் உண்டு. கட்டி, வீக்கம் போன்றவை இல்லை என்று உறுதி செய்யவே அந்த ஸ்கேனை எடுப்பார்கள். அதைப் பார்த்து மனச்சிதைவு என்றும் சொல்ல முடியாது, பிறந்த நாளில் நடந்ததையும் படித்தறிய முடியாது.

மேலூர் தகப்பன்:
தம்பி, என் மகள் சுகப்பிரசவத்தில், தெருவே கேட்கும்படி அழுதுகொண்டு பிறந்தவள். அவளுக்கும் இதே நோய், பதினோரு ஆண்டுகளாக. நானும் ஸ்கேன் படத்தை ஜாதகம்போல் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவன்தான். அந்த அலைச்சலில் மாத்திரை விட்டுப்போய் மறுபடி படுத்துவிட்டாள். தங்கையிடம், உடன்பிறந்தவனுக்கு இந்த நோய் இருப்பதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியான்:
நன்றி ஐயா, நன்றி சகோதரி. அந்த 98 கணக்கை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவரே தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.