ஆர்சிசிபி போட்ட பிறகு இன்வெர்ட்டர் லைனில் ஃபேன் போட்டாலே ட்ரிப்

திண்ணைவிளக்கு:
வணக்கம். 1990களில் வயரிங் செய்த தரைத்தள வீடு, சிங்கிள் ஃபேஸ். கீசர், மோட்டார், சமையலறை பாயின்ட், இன்வெர்ட்டர் ப்ளக் ஆகிய பவர் லைன்களுக்கு மட்டும் இப்போது 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் டபுள் போல் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) போடப்பட்டுள்ளது. லைட், ஃபேன் லைன்களைத் தொடவில்லை. அவற்றில் பாதிக்கு மேல் 900 விஏ இன்வெர்ட்டரில் ஓடுகின்றன.

இன்வெர்ட்டரை அணைத்து வைத்தால் கீசர், மோட்டார் எல்லாம் சிக்கலின்றி ஓடுகின்றன. இன்வெர்ட்டர் லைனில் அரை வாட் எல்இடி நைட் லேம்ப் மட்டும் எரிந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு ஃபேனைப் போட்டால் அந்த நொடியே ஆர்சிசிபி விழுகிறது. விழுந்ததும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறியதாகக் காட்டுகிறது, ஆனால் லைட்டும் ஃபேனும் ஓடுவதில்லை. கரண்ட் கட் ஆன நேரத்தில் ஃபேனைப் போட்டாலும் இதேதான்.

வயர்மேன் இரண்டு யோசனை சொல்கிறார். ஒன்று, 30ஐக் கழற்றிவிட்டு 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போடலாம். இரண்டு, படுக்கையறை போர்டுகளுக்கு எர்த் வயர் வரவில்லை என்பதால் மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு லூப் கொடுக்கலாம். இவை சரியா?

செம்புக்கம்பி:
இரண்டும் வேண்டாம். உங்கள் ஆர்சிசிபி பழுதில்லை, சரியாக வேலை செய்கிறது.

ட்ரிப் ஆன பிறகு இன்வெர்ட்டர் ஓடியும் லைட் எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. ஆர்சிசிபி ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். அது விழுந்ததும் லைட்டுக்குத் திரும்பும் வழி அறுகிறது என்றால், லைட், ஃபேன்களின் நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள பழைய நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டையில்) இருக்கிறது. இன்வெர்ட்டரின் நியூட்ரலோ ப்ளக் வழியாக ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கிறது.

கரண்ட் இருக்கும்போது ஃபேனின் மின்னோட்டம் ஆர்சிசிபியின் ஃபேஸ் வழியாக இன்வெர்ட்டருக்குப் போகிறது. அங்கிருந்து ஃபேனுக்குப் போய், திரும்பும்போது ஆர்சிசிபிக்குள் நுழையாமல் பழைய லிங்குக்குப் போய்விடுகிறது. 75 வாட் ஃபேன் என்றால் 75 ÷ 230 = ஏறக்குறைய 0.33 ஆம்பியர், அதாவது 330 மில்லி ஆம்பியர். போனது வரவில்லை என்று பார்த்ததும் அது வெட்டுகிறது. நைட் லேம்ப் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், அதனால் தப்பிக்கிறது. (பழைய குண்டு பல்பு ‘ஜீரோ வாட்’ உண்மையில் 15 வாட் வரை எடுக்கும். அதைப் போட்டிருந்தால் அதற்கும் விழுந்திருக்கும்.) கரண்ட் கட் நேரத்தில் ஃபேனின் மின்னோட்டம் இன்வெர்ட்டருக்குத் திரும்ப ஆர்சிசிபியின் நியூட்ரல் முனையை மட்டும் கடக்கிறது. அப்போதும் விழத்தான் செய்யும்.

300 மில்லி ஆம்பியர் போட்டாலும் ஒரே ஃபேனில் விழும். அது விழாமல் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் மனிதர் தொட்டால் காக்க வேண்டிய அளவு 30தான். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்க முன்னால் போடுபவை.

சரிசெய்வதற்கு முன் ஒரு சோதனை. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும் என்பதை மறப்பவர்கள் அதிகம். எல்லா சுவிட்சும் ஆஃப், எல்லாப் ப்ளக்கும் வெளியே. டெஸ்டரால் உறுதி செய்த பிறகு லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எண் ஒட்டுங்கள். எல்லாம் தனித்தனியாக நிற்கும்போது மல்டிமீட்டரில் ஒன்றோடு மற்றொன்றைத் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டுக்கும் இடையே பீப் சத்தம் வந்தாலும் அவை ஏதோ ஒரு போர்டில் கலந்திருக்கின்றன.

மெகர்500:
எர்த் பின் லூப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யவே விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது லூஸாகி அறுந்தால், அந்த சாக்கெட்டில் மாட்டிய இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், பீரோ மீது வைத்த ஸ்டெபிலைசர் என எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறும். ஃபேஸும் நியூட்ரலும் சாக்கெட்டில் மாறியிருந்தால் அறுந்துபோகவே தேவையில்லை, சுவிட்சைப் போட்டதுமே உடம்பு ஃபேஸ்தான்.

பச்சை வயர் இழுக்கத்தான் வேண்டும். பைப்புக்குள் 1.5 ஸ்கொயர் எம்எம் ஃபேஸ் என்றால் எர்த்தும் 1.5, பவர் லைனுக்கு 2.5. பழைய பைப்பில் இடமில்லை என்றால் அந்த ஒரு வயரை மட்டும் சுவரோரம் கேசிங்கில் கொண்டு போகலாம். அதுவரை அந்த அறையில் மூன்று பின் சாதனங்களைப் பயன்படுத்தாதீர்கள்.

“நல்ல எர்த் இருந்தால் எம்சிபியே விழுமே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு (எம்சிபி என்பது அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்). எர்த் பிட்டின் தடை 10 ஓம் என்றால், ஃபேஸ் கீசர் உடம்பைத் தொட்டாலும் அதிகபட்சம் 23 ஆம்பியர் ஓடும். சி16 எம்சிபி (சி வகை, 16 ஆம்பியர்) உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியரில் அது சூடாகி விழ வெகுநேரம் ஆகும். அத்தனை நேரமும் கீசர் உடம்பில் கரண்ட் நிற்கும். அதே கோளாறில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 40 மில்லிசெகண்டுக்குள் வெட்டிவிடும். ஆர்சிசிபி இருக்கிறது என்று எர்த்தை விடவும் கூடாது. எர்த் இல்லாத சாதனத்தில் கசியும் கரண்டுக்கு முதலில் தொடுபவரின் உடம்புதான் வழி.

திண்ணைவிளக்கு:
நன்றி. சோதனை முடிந்தது. மொத்தம் எட்டு நியூட்ரல். கீசர், மோட்டார், சமையலறை பாயின்ட், இன்வெர்ட்டர் ப்ளக் நான்கும் தனியாக உள்ளன. லைட் லைன்கள் நான்கில் இரண்டு தனி. மற்ற இரண்டில் ஹால் லைட் நியூட்ரல், சமையலறை லைட் நியூட்ரலோடு பீப் அடிக்கிறது. இனி எப்படிப் பிரிப்பது?

செம்புக்கம்பி:
நல்ல விளைவு, ஒரே இடம்தான். ஹாலையும் சமையலறையையும் ஒட்டிய சுவரில் உள்ள போர்டை முதலில் திறங்கள். சாக்கெட்டுக்கு ஃபேஸை ஒரு லைனிலும் நியூட்ரலை பக்கத்து லைட் லைனிலும் கடன் வாங்கும் பழக்கம் அந்தக் காலத்து வயரிங்கில் சாதாரணம். போர்டுக்குள் கறுப்பு வயர்கள் முறுக்கிச் சேர்த்த இடத்தைப் பிரித்து, மறுபடி டிபியில் (மெயின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டில்) பீப் பாருங்கள். பிரிக்க முடியாத இடத்தில் இருந்தால் சாக்கெட்டுக்கு டிபியிலிருந்து புதிய கறுப்பு வயர் இழுங்கள்.

பிறகு டிபியில் நியூட்ரல் லிங்க் மூன்றாக வேண்டும்: மெயினிலிருந்து வருவதற்கு ஒன்று, பவர் ஆர்சிசிபிக்குப் பின் ஒன்று, இன்வெர்ட்டர் லைன்களுக்கு ஒன்று. இன்வெர்ட்டரின் இன்புட்டை பவர் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுங்கள்: 10 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். அவுட்புட்டில் ஃபேஸும் நியூட்ரலும் தனியாக ஒரு 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் டபுள் போல் ஆர்சிசிபிக்குள் போய், அதன் பின் ஒவ்வொரு லைட் லைனுக்கும் 6 ஆம்பியர் எம்சிபி. அந்த லைன்களின் நியூட்ரல்கள் மட்டுமே மூன்றாவது லிங்கில். இன்வெர்ட்டரில் ஓடாத லைட் லைனின் நியூட்ரலை அதன் ஃபேஸோடு பவர் ஆர்சிசிபிக்குப் பின்னால் கொண்டு போங்கள். கீசர் கசிந்து பவர் பக்கம் விழுந்தாலும் வீடு இருட்டாகாது.

எல்லா லைன்களையும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டோடும் பவர் ஆர்சிசிபிக்குப் பின்னால் தள்ளிவிட்டாலும் ட்ரிப் நிற்கும், செலவும் குறைவு. ஆனால் ஒரு கசிவுக்கு அத்தனையும் விழும், விழுந்தபின் இன்வெர்ட்டர் பக்கத்துக்குக் காவலே இருக்காது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெகர்500:
மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போதும் அவுட்புட் ஆர்சிசிபி காக்க வேண்டுமானால், இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் உள்ளே வரும் நியூட்ரலும் வெளியே போகும் நியூட்ரலும் ஒன்றுதான். அணைத்துவிட்டு மீட்டரில் பீப் பார்த்தால் தெரியும். மின்வாரிய நியூட்ரல் வழியாகவே அந்தத் தொடர்பு கிடைக்கிறது. இன்புட் டபுள் போல் எம்சிபியை அணைத்தால் அது போய்விடும், அதன் பிறகு கசிவை ஆர்சிசிபி உணராது. டெஸ்ட் பட்டன் அப்போதும் வேலை செய்யும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அந்தப் பட்டன் உள்ளிருக்கும் தடை வழியாக ஃபேஸையும் நியூட்ரலையும்தான் இணைக்கிறது. எர்த்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு லைனிலும் ஃபேஸ், நியூட்ரலைச் சேர்த்து எர்த்தோடு அளக்கச் சொல்லுங்கள். இந்திய வயரிங் தரநிலையான ஐஎஸ் 732 கேட்பது குறைந்தது 1 மெகா ஓம். எல்இடி, ரெகுலேட்டர் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். இந்த அளவுக்கு டிபியை மாற்றுவது, பல்பு அல்லது சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலை அல்ல. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, அளவுகளோடு கையெழுத்திட்ட சோதனை அறிக்கையை வாங்கி டிபி கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.